முதலில் பெட்டி, பிறகு சோறு

பெட்டி ஒட்டும் மண்ணிற நாடாவைக் கிழிக்கிற சத்தம். ஒரே இழுப்பு, அட்டையின் தோலும் சேர்ந்து உரிந்துகொண்டு வரும். சிட்னியின் பரமட்டாவில் நான் வேலை செய்கிற அலுவலகத்துக்குப் புதிய மேசை கதிரைகள் வந்திருக்கின்றன, யாரோ பெட்டிகளைத் திறக்கிறார்கள். அவ்வளவுதான். எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. ஈரம் ஊறிக் காய்ந்த அட்டை, பசையின் புளிப்பு, கப்பலில் வாரக்கணக்காக அடைபட்டுக் கிடந்த காற்று. அந்த மணத்துக்குள் அவர் குனிந்து நிற்கிறார், கையில் ஒரு பேனாக்கத்தியோடு.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. மெல்பேர்ணின் மேற்கில் அவரைத் தெரிந்தவர்களுக்கு இதற்குள்ளேயே தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு அது தேவையில்லை. நான் அண்ணை என்று கூப்பிட்டேன், ஏழு வருடம். அவருடைய தொலைபேசி எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு தொலைபேசி மாற்றியும் அது கூடவே வந்துவிட்டது. எடுத்துப் பேசியதில்லை.

அந்த மேற்கின் விளிம்பில், ட்ருகனினாவில், அவருக்கு ஒரு வெயர்ஹவுஸ் இருந்தது, இறக்குமதிச் சாமான்களுக்கான கிடங்கு. காற்றுக்கு ஒதுங்க ஒரு மரமில்லாத சமவெளி. ஒரு பக்கம் தகரக் கட்டடங்கள், மறுபக்கம் ஒவ்வொரு மாதமும் ஒரு தெரு முளைக்கிற புது வீடுகள். அந்த வீடுகளின் குளியலறைகளுக்கு வேண்டிய பேசின்கள், குழாய்கள், ஷவரைச் சுற்றி நிற்கிற கண்ணாடித் தடுப்புகள் எல்லாவற்றையும் அவர் சீனாவின் தெற்கிலுள்ள போஷானிலிருந்து இறக்கினார். ஊரில் நான் படித்தது பொறியியல். இங்கே அந்தப் படிப்பை ஏற்கச் செய்வதற்கு வருடக்கணக்காக விண்ணப்பித்துக்கொண்டே, அவருக்குக் கீழே சான்றிதழ்களைச் சரிபார்க்கிற வேலையில் இருந்தேன். வருடத்தில் இரண்டு தடவை அவரோடு சீனாவுக்கும் போவேன்.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் பேச்சு முடியும்வரை கை நனைக்க மாட்டார்கள். பலகாரத் தட்டு வரும், பழம் வரும், வேண்டாம் வேண்டாம் என்று உள்ளங்கையைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். சாப்பிட்டால் முடிந்தது, பிறகு குறை சொல்ல வாய் வராது. மற்றவர்களுக்கு அது கலியாணத்தோடு நின்றுவிடுகிற சம்பிரதாயம். அவருக்கு அது முதுகெலும்பு.

பழைய கார் ஒன்று வாங்கப் போவார். விற்கிறவரின் மனைவி தேத்தண்ணியோடு வருவார்.

"வையுங்கோ தங்கச்சி, கதைச்சு முடிய எடுக்கிறன்."

எஞ்சினைத் திறந்து, எண்ணெயை விரலில் தொட்டு மணந்து, கீழே படுத்துப் பார்த்து, பேச்சு முடிந்து காரின் திறப்பு கைக்கு வந்தபிறகு, ஏடு படிந்து ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடிப்பார். அதன்பிறகு அந்தக் காரைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. அதன் யன்னல் இறங்காது என்பது ஒரு கிழமையில் தெரிந்துவிட்டது. இரண்டு கோடைகாலம் அந்த யன்னலோடு வேர்த்து வடிந்தபடி ஓட்டினார்.

வெயர்ஹவுசுக்கு மின்சார வேலை செய்தவர் ஒரு தமிழர். பாதி வேலையில் அவருடைய புது வீடு குடிபூரலுக்குப் போய் அண்ணை சாப்பிட்டுவிட்டார். மழை பெய்கிற நாட்களில் எங்கள் வெயர்ஹவுஸ் பாதி இருண்டுபோகும். "அவரைக் கூப்பிட்டுக் காட்டுவமே அண்ணை?" என்று கேட்டேன். மறுநாள் ஆளுக்கொரு டோர்ச் லைற் வாங்கி வந்து தந்தார். "மழை எந்த நாளும் பெய்யிறதே, பிள்ளை" என்றார்.

சிரிப்பாக இருந்தது அப்போது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் மதியம் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். புட்டும் மீன்பொரியலும் அவருக்கு உயிர் என்று அவருடைய மனைவி சொல்லியிருந்தார். ஒரு துண்டு நீட்டினால் உள்ளங்கையைக் காட்டுவார். அந்த நாட்களில் என் வேலையில் அவர் பார்க்காத பிழையில்லை. ஒரு சான்றிதழில் திகதியை மாற்றி எழுதியதற்கு எல்லோருக்கும் முன்னால் வைத்துக் கேட்டார்: "உமக்கு யூனிவர்சிற்றியிலை இதைத்தான் படிப்பிச்சவையோ?" மூன்று மாதம் இப்படி. மூன்றாம் மாத முடிவில் ஒருநாள், நான் பெட்டியைத் திறந்தபோது அவர் எழும்பவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து, கேட்காமலே ஒரு மீன் துண்டை எடுத்தார்.

வேலை நிரந்தரமாகிவிட்டது என்று எனக்கு விளங்கியது.

அன்றைக்குப் பிறகு அவர் என்னைத் திருத்தவேயில்லை. ஒருமுறை இருபது கதவுகளை வலப்பக்கம் திறக்கிறவைக்குப் பதிலாக இடப்பக்கம் திறக்கிறவையாகச் சொல்லி எடுத்துவிட்டேன். அவர் அவற்றைச் சுவரோரம் சாத்தி வைத்து, இடப்பக்கக் கதவு தேவைப்படுகிற வீடுகளுக்காக ஒன்றரை வருடம் காத்திருந்தார். நான் அதை அன்பென்று எடுத்துக்கொண்டேன். அன்பாகவும் இருந்திருக்கலாம்.

சீனாவில் இந்த வழக்கம் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். அங்கே முதலில் சாப்பாடு, பிறகுதான் வியாபாரம். தொழிற்சாலை வாசலில் கார் நிற்கும்போதே சாப்பாட்டு மேசை தயாராகியிருக்கும்; சுழல்கிற வட்டக் கண்ணாடியில் பத்துப் பன்னிரண்டு தட்டு, தலையோடு மீன், சின்னக் கிண்ணங்களில் நெருப்பாக எரிகிற வெள்ளைச் சாராயம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் சாப்பிட மறுத்தால் அது முகத்தில் அடித்த மாதிரி. நாங்கள் கண்ணாடி வாங்குகிற தொழிற்சாலை முதலாளி, ஐம்பது வயது, குட்டையான, சத்தமாகச் சிரிக்கிற மனிதர். முதல் தடவை அண்ணை உள்ளங்கையைக் காட்டியபோது அவருடைய சிரிப்பு அப்படியே நின்றுபோய்விட்டது. மொழிபெயர்ப்புக்கு நின்ற பெண் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் பெட்டி, பிறகு சோறு" என்றார் அண்ணை. தமிழில்.

"அண்ணை, இங்கிலீசிலை சொல்லுங்கோ."

"இங்கிலீசிலை சொன்னாலும் அவனுக்கு விளங்காது, தமிழிலை சொன்னாலும் விளங்காது. பிறகேன் நான் இங்கிலீசிலை கஷ்டப்படவேணும்?"

பிறகு அவர் வேலையைத் தொடங்குவார். அடுக்கின் முன்வரிசைப் பெட்டிகளைத் தொடமாட்டார். நடுவரிசையின் நடுவில் விரலை வைத்து, இது, என்பார். பேனாக்கத்தி, நாடா கிழிகிற சத்தம், அட்டை. கண்ணாடியின் மூலையில் அதைச் சூளையில் பதப்படுத்திய இடத்தின் முத்திரை குண்டுமணி அளவில் இருக்கும். அதை நகத்தால் நெருடிப் பார்ப்பார். பிறகு ஒரு கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்து, பழைய போர்வையில் கிடத்தி, சுத்தியலால் ஓரத்தில் ஒரு தட்டு. அந்தப் பெரிய தகடு முழுவதும் ஒரே மூச்சில் கல்லுப்பாகக் கொட்டும். சரியாகப் பதப்பட்ட கண்ணாடி அப்படித்தான் நொறுங்கவேண்டும், கத்தியாகப் பிளக்கக்கூடாது. உள்ளங்கை அளவு சதுரத்துக்குள் துண்டுகளை எண்ணுவார். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு கண்ணாடி இப்படிப் பலி.

விருந்தாளி சாப்பிடாமல் முதலாளியும் சாப்பிட முடியாது. பசி முற்றமுற்ற முதலாளியே தன் ஆட்களை விரட்டிப் பெட்டிகளை இறக்குவிப்பார். "அவன்ரை பசிதான் என்ரை இன்ஸ்பெக்டர்" என்பார் அண்ணை, பையிலிருந்து கிரீம் கிராக்கர் பிஸ்கட்டை எடுத்துக் கடித்தபடி. இரண்டாம் வருடம் முதலாளி இதைப் பகிடியாக எடுக்கப் பழகிவிட்டார். எங்களைக் கண்டதும் தானே வயிற்றைத் தடவிக் காட்டி, வெறும் வாயை மென்று காட்டி, பெட்டிப் பக்கம் கையை நீட்டுவார். பரிசோதனை முடிந்தபிறகு இருவரும் சாப்பிடுவதைப் பார்க்கவேண்டும். ஒரு சொல் பொதுவாக இல்லாத இரண்டு மனிதர்கள் மீனின் கன்னத்துச் சதையை ஒருவர் தட்டில் மற்றவர் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

பிறகு உலகம் மூடிக்கொண்டது. மெல்பேர்ணில் நாங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்த முதல் மாதங்களில், முகக்கவசம் கடைகளில் கிடைக்காத நாளில், போஷானிலிருந்து எட்டுப் பெட்டி வந்தது. உள்ளே முகக்கவசங்கள். மேலே ஒரு தாளில், யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வரைந்த தமிழ் எழுத்துகள்: சாப்பிட்டாச்சா. அண்ணை அந்தத் தாளை மடித்துப் பர்சுக்குள் வைத்துக்கொண்டார். பெட்டிகளை முதியோர் இல்லங்களில் வேலை செய்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

எல்லைகள் திறந்தபிறகுதான் மறுபடி போஷானுக்குப் போனோம். நான்கு வருடமாகிவிட்டது; இடையில் வந்த பெட்டிகளை அண்ணை வெயர்ஹவுசிலேயே திறந்து, உடைத்துப் பார்த்துவந்தார். வாசலில் நின்ற முதலாளியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாதியாக வற்றியிருந்தார். வயிற்றைத் தடவிக் காட்டும் பகிடி இல்லை. தொழிற்சாலைக்குள் போகாமல் எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார், பின்பக்கம், மூன்றாம் மாடி. சுவரில் அவருடைய மனைவியின் படம், முன்னால் ஆரஞ்சு நிறத் தோடம்பழங்கள், ஊதுபத்தி. எங்களுக்குச் சொல்லவேயில்லை. இரண்டு வருடமாம். மொழிபெயர்க்கிற பெண் இப்போது இல்லை, தொலைபேசிதான் பேசியது, ஓர் உணர்ச்சியுமில்லாத குரலில்: என் மனைவி உங்களை எப்போதும் கேட்பாள். சாப்பிடாத மனிதர் வந்தாரா என்று கேட்பாள். இன்று நானே சமைத்தேன்.

மேசையில் நாலே நாலு தட்டு. மீன் ஒரு பக்கம் கருகியிருந்தது. எனக்கு முன்னால் வெந்நீர்க் கிண்ணத்தை வைத்தார், அதன் ஆவி என் மூக்குக்கண்ணாடியில் படிந்தது. ஆவிக்கு அப்பால் அண்ணையின் கை தெரிந்தது. வழக்கம்போல உள்ளங்கையைக் காட்டுவதற்காகப் பாதி எழும்பியது. அந்தரத்தில் நின்றது. முதலாளி அந்தக் கையைப் பார்த்தார். அவருடைய வாய் கோணியது, ஒரு சத்தமும் இல்லாமல் கண்ணீர் வடிந்தது.

கை இறங்கியது. அண்ணை மீனின் கருகிய பக்கத்தை எடுத்து வாயில் வைத்தார்.

சாப்பிட்டு முடிய மூன்று மணியாகிவிட்டது. கீழே தொழிற்சாலைக்குள் எங்கள் பெட்டிகள் அறுபது, கட்டி அடுக்கியிருந்தன. அடுக்குக்கு முன்னால் போய் நின்றோம். மூன்று சூளைகளில் இரண்டு குளிர்ந்து கிடந்தன. ஆட்கள் குறைவு. நான் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து நீட்டினேன்.

"அண்ணை, பெட்டி?"

அவர் கத்தியைப் பார்த்தார். முதலாளி சற்றுத் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றார்.

"சாப்பிட்டாச்சு, பிள்ளை" என்றார்.

விமான நிலையத்துக்குப் போகிற டாக்சிக்குள் பரிசோதனைப் படிவத்தை என் மடியில் வைத்திருந்தேன். எத்தனை பெட்டி திறக்கப்பட்டது, முத்திரை பார்க்கப்பட்டதா, உடைத்துப் பார்க்கப்பட்டதா. மூன்று கட்டங்கள். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூன்றிலும் சரி போட்டேன். ஆறு வருடமாக அங்கிருந்து ஒரு கண்ணாடியும் பிழையாக வந்ததில்லை. படிவத்தை அவரிடம் கொடுத்தேன், வாசிக்காமல் கையெழுத்திட்டார்.

மெல்பேர்ணில் வீடுகள் காத்துக்கொண்டிருந்தன. கொண்டெய்னர் வந்த அன்றே பெட்டிகள் பொருத்துகிறவர்களின் வண்டிகளில் ஏறிப் போய்விட்டன.

இங்கே கோடையான மாசி மாத வெயிலில் முதலாவது வெடித்தது. குளியலறையில் யாருமில்லை, வீட்டுக்காரர் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னார், பேய் வந்திட்டுது போலை அண்ணை. அண்ணை சிரிக்கவில்லை. இரண்டாவது, அடுத்த கிழமை, ஒரு பிள்ளையின் மேல் வெடித்தது. பிள்ளை என்றால் முப்பது வயது இருக்கும். மட்டக்களப்புப் பக்கம். வைத்தியசாலையில் தாதி. கல்லுப்பாகக் கொட்டவேண்டிய கண்ணாடி கத்திகளாக விழுந்தது. தடுக்கப் போன வலதுகையில், பெருவிரலுக்குக் கீழே, நரம்பு அறுந்துபோயிற்று.

வெயர்ஹவுசில் மிச்சமாக ஒரேயொரு பெட்டி இருந்தது. நான்தான் திறந்தேன். மூலையில் முத்திரை இருந்தது. வேறொரு முத்திரை. நாங்கள் என்றைக்கும் கண்டிராதது. சூளைகள் குளிர்ந்து கிடந்ததால் முதலாளி வேறெங்கோ மலிவான இடத்தில் பதப்படுத்துவித்திருக்கிறார். தெரிந்துகொள்ள ஒரு பெட்டியைத் திறந்தால் போதும். சுத்தியல்கூட வேண்டியிருக்கவில்லை.

தோடம்பழமும் வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளையைப் பார்க்கப் போனோம். வலதுகை வெள்ளைக் கட்டுக்குள், கயிற்றில் தூக்கி மாட்டியிருந்தது. எங்களைக் கண்டதும் அவள்தான் ஆறுதல் சொன்னாள்.

"அங்கிள், கண்ணாடியிலை இப்பிடிச் சும்மாவும் நடக்குமாம், டொக்டர் சொன்னவர். நீங்கள் ஏன் முகத்தை இப்பிடி வச்சிருக்கிறியள்? நீங்கள் ஒவ்வொரு தரமும் உடைச்சுப் பாத்துத்தானே எடுக்கிறனீங்கள். எல்லாருக்கும் தெரியும்."

அவர் ஒரு பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். தோலை ஒரே சுருளாக உரித்து முடித்தார்.

"இந்தமுறை பாக்கேல்லை, பிள்ளை."

"என்ன?"

"நான் பெட்டி திறக்கேல்லை."

"ஏன் அங்கிள்?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லக்கூடிய பதிலில்லை அது. அவள் தன் கையை, யாருடையதோ என்பதுபோல, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊசி பிடிக்கிற கை, அங்கிள்" என்றாள்.

உரித்த சுளைகளை நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவற்றைத் தாளில் சுற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தோம்.

காரில் நான்தான் தொடங்கினேன். "போஷானுக்கு எழுதுவம் அண்ணை. முத்திரை வேறை எண்டு படத்தோடை அனுப்புவம். பொறுப்பு அவரின்ரை."

"அவன்ரை வீட்டிலை சாப்பிட்டனான்."

"அந்தப் பிள்ளைக்கு விரல் மடியாது!"

"ஓம். அதுக்கு நான் இருக்கிறன்."

"அவர் வேணுமெண்டுதான் முதல் சாப்பாட்டைப் போட்டவர். உங்களைப் பத்தி நல்லாத் தெரிஞ்சுதான்."

வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். பாரவண்டிகள் எங்களை உலுக்கிக்கொண்டு போயின. "அவன் அழுதவன்" என்றார். "நீயும் பாத்தனி."

பார்த்தேன்தான். அழுகிறவர்கள் ஏமாற்ற மாட்டார்கள் என்று எந்த ஊரில் எழுதியிருக்கிறது? அன்றைக்கு முதன்முதலாக அவர்மேல் எனக்கு வெறுப்பு வந்தது. ஒரு மனிதனின் நல்ல குணம் இன்னொரு வீட்டின் குளியலறைக்குள் இப்படிக் கத்தியாகப் பொருந்தி நிற்குமென்று நான் யோசித்ததில்லை. சாப்பிட்ட சோற்றுக்கு விசுவாசமாக இருந்தது அவர். இரத்தம் அந்தப் பிள்ளையினுடையது.

விற்கிற பொருள்களின் பாதுகாப்பைப் பார்க்கிற அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மரியாதையான, களைத்த முகம். படிவத்தை மேசையில் விரித்து வைத்து, மூன்று சரிகளையும் பேனாவால் தொட்டாள். பெட்டிகள் திறக்கப்பட்டனவா?

இல்லை, என்றார் அண்ணை.

அப்படியென்றால் இந்தச் சரிகளைப் போட்டது யார்?

நான் படப்பிரதி எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். பொறியியலாளராக என்னைப் பதிகிற விண்ணப்பம் கடைசி மேசைக்குப் போயிருந்தது. பொய்யான பரிசோதனைப் படிவம் ஒன்று என் பெயரோடு சேர்ந்தால் அது அந்த மேசையிலேயே முடிந்துவிடும். பதின்மூன்று வருடக் காத்திருப்பு. எந்திரம் சூடாக இருந்தது. கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றேன்.

நான்தான், என்றார் அவர், என்னைத் திரும்பிப் பார்க்காமல். அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டாள்.

நான் வாய் திறக்கவில்லை. அந்த மாத முடிவில் எனக்குப் பதிவு கிடைத்தது. அதற்கடுத்த மாதம் சிட்னியில் வேலை.

அதற்கிடையில் மிச்சமிருந்த ஐம்பத்தேழு வீடுகளுக்கும் போனோம். ஆட்களை அனுப்பச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. தடித்த கையுறை, கண்ணாடியைத் தூக்குகிற இரண்டு உறிஞ்சு கைப்பிடிகள், பதிலுக்குக் கட்டிவிட ஒரு பிளாஸ்டிக் திரை. நான் பட்டியலோடு பின்னால் நிற்பேன். கதவு திறந்ததும் சொல்லுவார், எல்லாக் கதவிலும் அதே சொல்: "நான் பாக்காமத் தந்திட்டன். கழட்டிக்கொண்டு போக வந்தனான்."

சிலர் திட்டினார்கள். எங்களூர் அன்ரி ஒருவர், "உங்களை நம்பித்தானே அண்ணை!" என்று கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினார். மதுரைப் பக்கத்து இளைஞர் ஒருவருக்கு விளங்கவேயில்லை.

"நல்லாத்தான அங்கிள் இருக்கு? இத்தனை மாசமா ஒண்ணும் ஆகலையே. வேணாம், விட்ருங்க."

"இல்லைத் தம்பி. நான் பாக்கேல்லை."

"அட, உள்ள வாங்க அங்கிள், ஒரு காபி குடிச்சிட்டுப் பேசலாம்."

"கழட்டிப்போட்டுக் குடிக்கிறன்."

கழற்றினார். குடிக்கவில்லை. அந்த ஐம்பத்தேழு வீடுகளில் ஒன்றிலும் அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்து நான் காணவில்லை. அறுபது வயதில் ஒவ்வொன்றும் முப்பது நாற்பது கிலோ. மாடிப்படிகளில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவார். எந்த நேரமும் வெடிக்கக்கூடியதை அப்படி அணைக்க வேண்டாம் என்று கெஞ்சினேன். காது கேளாதவர்போல இறங்கினார். எந்த வீட்டிலும் போஷானைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அங்கிருந்து இன்னும் படங்கள் வந்துகொண்டிருந்தன, பூக்களும் சூரியோதயமுமாக, காலை வணக்கங்கள். அவர் பதில் போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி நாள், வெயர்ஹவுசின் பின்முற்றம். சாமான்கள் வேறொருவர் கைக்குப் போய்விட்டன, அவற்றை அடுக்குகிற ராக்கைகளும் கழற்றியாகிவிட்டது. கழற்றி வந்த கண்ணாடிகளை யாரும் எடுத்துத் திரும்பப் பாவிக்காதபடி இரும்புத் தொட்டிக்குள் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார். ட்ருகனினாவின் காற்று காதை அறுத்தது. ஓரத்தில் ஒரு தட்டு, அடுத்தது, ஓரத்தில் ஒரு தட்டு. சில கல்லுப்பாகக் கொட்டின. சில நீள நீளமாகப் பிளந்தன. பிளந்தவற்றை அவர் குனிந்து சற்று நேரம் பார்ப்பார்.

எனக்கு மறுநாள் காலை விமானம். சொல்லிக்கொண்டு போக வந்தேன். அவருடைய மனைவி கொடுத்தனுப்பிய பார்சலைத் தந்தார், வழிக்குப் பலகாரம் என்றார். சிட்னியில் குளிர் குறைவு, நல்லது என்றார். தாதிப் பிள்ளைக்கு இன்னொரு சத்திரசிகிச்சை இருக்கிறது, தானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். நான் அந்தப் படிவத்தைப் பற்றிப் பேசாமல் போயிருக்கலாம். போக முடியவில்லை.

"அண்ணை, அந்தச் சரி மூண்டும் நான் போட்டது. நீங்கள் என்னை ஒரு சொல் கேக்கேல்லை. இண்டைவரைக்கும்."

அவர் கையுறைகளைக் கழற்றி, ஒன்றோடொன்று தட்டினார். கண்ணாடித் தூள் பறந்தது. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன்: உன்ரை கையாலை சாப்பிட்டனான் பிள்ளை, உன்னை என்னெண்டு கேக்கிறது. அதை அவர் வாயால் கேட்டுவிட்டால் போதும், விமானம் ஏறிவிடுவேன். அதற்காகத்தான் கேட்டேன் என்று இப்போது தெரிகிறது.

அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். கோபமில்லை. கணக்குச் சரிபார்க்கிற பார்வையுமில்லை. பலநாள் யோசித்து, சொல்லாமல் விட்டுவிடலாம் என்று முயன்று, முடியாமல்போன ஒருவரின் முகம்.

"அண்டைக்கு உனக்குக் கந்தசட்டி விரதம்" என்றார். "சுடுதண்ணியோடை இருந்தனி. அவன்ரை வீட்டிலை நீ ஒரு வாய் எடுக்கேல்லை. கட்டுப்பட்டது என்ரை கை. நீ திறந்திருக்கலாம், பிள்ளை."